குறிகேட்பதைப் பற்றி வேதாகமம் சொல்வதை வாசிப்பதும் அதன்படி நடப்பதும் எப்படி

இறந்துபோனவரோடு பேசவைப்பதாகச் சொல்லும் ஒருவரிடமோ, வருங்காலத்தை அறிந்து சொல்வதாகச் சொல்லும் ஒருவரிடமோ போகலாமா என்ற கேள்வி ஒரு விசுவாசியின் மனத்தில் எழும்போது, அது வெறும் ஆர்வத்தால் எழுவது குறைவு. அகாலத்தில் நேர்ந்த ஒரு மரணம், தீராத நோய், காணாமற்போன பிள்ளை, தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் திருமணம் என ஏதோ ஒன்று அதற்குப் பின்னால் இருக்கும். அப்படிப்பட்டவரிடம் "வேதம் தடைசெய்திருக்கிறது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் வேதாகமம் இந்தக் காரியத்தை ஒரே வரியில் முடிக்கவில்லை. சட்டமாகவும், வரலாறாகவும், தீர்க்கதரிசனமாகவும், அப்போஸ்தலரின் அனுபவமாகவும் மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசுகிறது. அந்தப் பகுதிகளைத் தாமே வாசித்துத் தெளிய விரும்புகிறவருக்கும், சபையில் பிறருக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பில் இருப்பவருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும் என்று நம்புகிறேன்.

வாசிக்கத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். குறிசொல்லுதல் பலிக்குமா, பலிக்காதா என்பதே நாம் வழக்கமாக முதலில் கேட்கும் கேள்வி. வேதாகமம் முதலில் கேட்பது அதையல்ல, "நீ யாரிடத்தில் விசாரிக்கிறாய்?" என்பதையே கேட்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், அங்கங்கே சிதறிக் கிடப்பதுபோலத் தோன்றும் வசனங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பொருள்தரும்.

எங்கிருந்து வாசிப்பது

உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் 9ஆம் வசனம் முதல் 22ஆம் வசனம் வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். பெரும்பாலோர் 14ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் பாதிப் பொருளை இழந்துவிடுகிறார்கள். முற்பகுதியில், பிள்ளைகளைத் தீக்கடக்கப்பண்ணுகிறவன் தொடங்கி, குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, சன்னதக்காரன், மாயவித்தைக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் என ஒன்பது வகையினர் அடுக்கப்படுகிறார்கள். அவர்களுள் ஒருவரும் இஸ்ரவேலுக்குள் இருக்கலாகாது என்று சொன்ன கையோடு, 15ஆம் வசனத்தில் மோசேயைப் போன்ற ஒரு தீர்க்கதரிசியைக் கர்த்தர் எழும்பப்பண்ணுவார், அவருக்குச் செவிகொடுங்கள் என்ற வாக்குறுதி வருகிறது. பேசுகிற தேவன் இருக்கையில் வேறிடத்தில் குரலைத் தேடி அலையவேண்டாம் என்பதே அந்தத் தடையின் காரணம். அந்த வாக்குறுதி இயேசுவில் நிறைவேறியதாகப் பேதுரு எருசலேம் தேவாலயத்தில் பிரசங்கித்ததை அப்போஸ்தலர் 3:22இல் காணலாம்.

இதை வாசித்தபின் அதே புத்தகத்தின் 13ஆம் அதிகாரத்துக்குத் திரும்பி, முதல் மூன்று வசனங்களைப் பாருங்கள். ஒருவன் சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும்கூட, அவன் வேறு தேவர்களிடத்துக்கு அழைப்பானாகில் அவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது என்கிறது அப்பகுதி. "அவர் சொன்னது அப்படியே நடந்ததே" என்று சொல்லி வருகிறவருக்கு வேதாகமம் தரும் பதில் இங்கேயே இருக்கிறது. சொன்னது நடக்கவில்லை என்று அவரோடு வாதாட வேண்டிய தேவையே இல்லை.

லேவியராகமம் 19:31, 20:6, 20:27 ஆகிய வசனங்களையும் அடுத்துச் சேர்த்து வாசியுங்கள். 19:31 "நான் உங்கள் தேவனாகிய கர்த்தர்" என்று முடிவதைக் கவனியுங்கள். மணமான ஒருவர் தம் துணையை விட்டு வேறொருவரை நாடுவதை எப்படிப் பார்ப்போமோ, அப்படியே இதுவும் பார்க்கப்படுகிறது. 20:6இல் 'சோரம்போதல்' என்ற சொல் வருவதும் அதனால்தான்.

எந்தோரில் ஓர் இரவு

இந்தப் பொருளில் ஓர் அதிகாரத்தை மட்டுமே ஊன்றி வாசிக்க நேரமிருந்தால், 1 சாமுவேல் 28ஐத் தேர்ந்தெடுங்கள். பெலிஸ்தர் சூனேமில் பாளயமிறங்கியிருக்கிறார்கள். இஸ்ரவேலின் ராஜாவான சவுல் கில்போவாவில் இருக்கிறான். எதிரிகளின் பாளயத்தைக் கண்டு அவன் இருதயம் திடுக்கிடுகிறது. அவனுக்கு வழிகாட்டிய தீர்க்கதரிசி சாமுவேல் இறந்துவிட்டார். கர்த்தரிடத்தில் விசாரிக்கிறான், சொப்பனத்தாலும், ஆசாரியர் தேவசித்தம் அறியப் பயன்படுத்திய ஊரீமாலும், தீர்க்கதரிசிகளாலும் பதில் வரவில்லை. அஞ்சனம் பார்க்கிறவர்களைத் தேசத்தைவிட்டுத் துரத்தியவனும் இதே சவுல்தான் என்று 3ஆம் வசனம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறது.

அவன் வேஷம்மாறி, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, எந்தோர் என்ற ஊரில் அஞ்சனம் பார்க்கும், அதாவது இறந்தவரை அழைத்துப் பேசும், ஒரு ஸ்திரீயிடம் இரவில் போகிறான். அந்த ஸ்திரீ பயப்படுகிறாள். இது தன்னைச் சிக்கவைக்கும் கண்ணியோ என்று கேட்கிறாள். அவளுக்குத் தீங்கு வராது என்று சவுல் கர்த்தரின்மேல் ஆணையிடுகிறான். எந்தக் கர்த்தருடைய கட்டளையை மீறப்போகிறானோ, அவருடைய நாமத்தைக்கொண்டே அந்த ஆணையை இடுகிறான். சாமுவேலை எழுப்பும்படி அவன் கேட்டபின் நடப்பதை மெதுவாக வாசியுங்கள். அவள்தான் காண்கிறாள், அவள்தான் கூக்குரலிடுகிறாள்; சவுலோ "அவருடைய ரூபம் என்ன?" என்று அவளையே கேட்கிறான். சால்வை போர்த்துக்கொண்ட முதிர்ந்தவர் என்று அவள் சொன்னதும், அது சாமுவேல்தான் என்று அறிந்து முகங்குப்புற வணங்குகிறான்.

அங்கே வந்த பதிலில் புதிதாக என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப்பாருங்கள். ராஜ்யம் பறிக்கப்பட்டு வேறொருவருக்குக் கொடுக்கப்படும் என்பதும், அமலேக்கியரைக் குறித்த கட்டளைக்கு அவன் கீழ்ப்படியாததே காரணம் என்பதும் சவுலுக்கு 15ஆம் அதிகாரத்தின் நாள்முதல் தெரிந்தவையே. அங்கே பெயர் சொல்லப்படாத அந்த 'வேறொருவர்' தாவீது என்பதையும் அவன் பின்னர் உணர்ந்தே இருந்தான். புதிதாகக் கிடைத்தது, இஸ்ரவேல் பெலிஸ்தர் கையில் ஒப்புக்கொடுக்கப்படும், நாளைக்கு அவனும் அவன் குமாரரும் சாவார்கள் என்ற செய்தியே. அதைக் கேட்டவன் தரையில் நெடுஞ்சாண்கிடையாய் விழுகிறான். அன்று பகலும் இரவும் அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. கடைசியில் அந்த ஸ்திரீயே கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, மா எடுத்துப் பிசைந்து, புளிப்பில்லா அப்பம் சுட்டு அவனுக்கு முன்பாக வைக்கிறாள். அவளைக் கொடூரமானவளாக வேதம் வரையவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். செய்கையைக் கண்டிப்பதற்காக அந்த மனுஷியின் இரக்கத்தை மறைக்கவேண்டியதில்லை.

வந்தது உண்மையாகவே சாமுவேலா என்ற விவாதம் பழமையானது. மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞரான ஓரிகன் சாமுவேல்தான் என்றார். அந்தியோகியாவின் யூஸ்தாத்தியு அதை மறுத்து எழுதினார். நிசாவின் கிரகோரி அது பிசாசின் வஞ்சனை என்றார். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக் ஆகமம் 46ஆம் அதிகாரம், இறந்தபின்னும் சாமுவேல் தீர்க்கதரிசனம் உரைத்ததாகப் பேசுகிறது. நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 1 நாளாகமம் 10:13, 14 மாறப்போவதில்லை: சவுல் சாகக் காரணங்களுள் ஒன்றாக, அவன் கர்த்தரைத் தேடாமல் அஞ்சனம் பார்க்கிறவளைத் தேடியதை அது சொல்கிறது. அவன் கர்த்தரிடத்தில் விசாரித்ததாக முன்பு வாசித்தோமே என்று நீங்கள் கேட்கலாம். பதில் வராதபோது அந்த மௌனத்தின்கீழ்க் காத்திருக்க மனமில்லாமல், அடுத்த வாசலைத் தட்டப் போனவனின் விசாரிப்பை நாளாகமம் விசாரிப்பாகவே எண்ணவில்லை என்றே நான் அதை வாசிக்கிறேன்.

மற்றப் பகுதிகள்

2 இராஜாக்கள் முதலாம் அதிகாரத்தில், மேல்வீட்டிலிருந்து விழுந்து வியாதிப்பட்ட இஸ்ரவேலின் ராஜா அகசியா, தான் பிழைப்பேனா என்று எக்ரோனின் தேவனாகிய பாகால்சேபூபிடத்தில் கேட்டுவர ஆட்களை அனுப்புகிறான். "இஸ்ரவேலிலே தேவன் இல்லையென்றா?" என்று தீர்க்கதரிசி எலியா அவர்களை வழியில் மறித்துக் கேட்பது, இந்தப் பொருள் முழுவதற்கும் உரிய கேள்வி. ஏசாயா 8:19, 20 அதையே வேறு விதமாகக் கேட்கிறது: உயிருள்ளவர்களுக்காகச் செத்தவர்களிடத்தில் விசாரிக்கலாமோ?

புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகளே முதன்மையானது. 16ஆம் அதிகாரத்தில் பிலிப்பி பட்டணத்து அடிமைப்பெண் குறிசொல்லித் தன் எஜமான்களுக்குப் பணம் சம்பாதித்துத் தருகிறாள். பவுலையும் சீலாவையும் பற்றி அவள் கூவியது பொய்யல்ல. அவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் என்றே சொன்னாள். ஆனாலும் பவுல் அந்தச் சாட்சியை ஏற்காமல் அந்த ஆவியைத் துரத்தினார். வாயிலிருந்து வந்தது சரியான வாக்கியம் என்பதால் அது வந்த ஊற்று சரியாகிவிடாது. எஜமான்களின் கோபமும் கவனிக்கத்தக்கது: பெண் விடுதலையானதை அவர்கள் பார்க்கவில்லை, ஆதாயம் போனதையே பார்த்தார்கள். கலாத்தியர் 5:20 பில்லிசூனியத்தை மாம்சத்தின் கிரியைகளோடு சேர்க்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 21:8 சூனியக்காரரைப் பொய்யரோடும் கொலைபாதகரோடும் சேர்த்து எண்ணுகிறது.

இடறும் பகுதிகளை ஒளிக்கவேண்டாம்

நேர்மையாக வாசிக்கிறவர் சில இடங்களில் தடுமாறுவார். ஆதியாகமம் 44இல் யோசேப்பின் வெள்ளிப் பாத்திரத்தைக்கொண்டு அவன் ஞானப்பார்வை பார்ப்பதாக வேலைக்காரன் சொல்கிறான். யோசேப்பும் அதை ஒட்டியே பேசுகிறான். அவன் அப்போது சகோதரரிடம் எகிப்திய அதிபதியாக வேடமிட்டிருந்தான் என்பதும், மோசேயின் சட்டம் பிற்பட்டது என்பதும் வழக்கமாகத் தரப்படும் விளக்கங்கள். அந்தப் பகுதி அவனைப் பாராட்டவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. மத்தேயு 2இல் சாஸ்திரிகள் நட்சத்திரத்தைக் கண்டு வருகிறார்கள். ஆனால் மேசியா பிறக்கும் ஊர் எது என்பதை அவர்கள் நட்சத்திரத்தால் அல்ல, மீகா தீர்க்கதரிசியின் வாக்கியத்தாலேயே அறிகிறார்கள். ஊரீமும் சீட்டுப்போடுதலும் தேவன் தாமே கொடுத்த அல்லது அனுமதித்த வழிகள். அப்போஸ்தலர் 1:26இல் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டுத் தெரிந்துகொண்டார்கள்; அதற்குப்பின் பரிசுத்த ஆவி அருளப்பட்டது முதல், சபை சீட்டுப்போட்டு முடிவெடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் காணவில்லை.

இவை எல்லாவற்றையும்விட எச்சரிக்கையோடு கையாளவேண்டியது யாத்திராகமம் 22:18. சூனியக்காரியை உயிரோடு வைக்கவேண்டாம் என்ற அந்தக் கட்டளையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை பல்லாயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692இல் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். அக்கம்பக்கத்தாரின் பகையும் பயமுமே அங்கே சாட்சியாக நின்றன. பழைய இஸ்ரவேலின் குடிமைத் தண்டனைகளை நிறைவேற்றும் அதிகாரம் சபைக்குக் கொடுக்கப்படவில்லை. ஒருவர்மேல் சூனியக் குற்றம் சாட்டி ஒதுக்குவதும், அடிப்பதும், ஊரைவிட்டு விரட்டுவதும் பாவம். அதைச் செய்கிறவர் இந்த வசனத்தைத் துணைக்கு அழைக்கலாகாது.

ஒரு பழக்கத்தை எப்படி நிதானிப்பது

இன்று எதிர்ப்படும் எல்லாப் பழக்கங்களின் பெயரும் வேதாகமத்தில் இராது. ராசிபலன், சீட்டுக்கட்டு வைத்துச் சொல்லும் குறி, கைரேகை, ஆவிகளை அழைக்கும் பலகை, மறைந்தவரின் குரலில் பேசித்தருவதாகச் சொல்லும் அமர்வு என எது வந்தாலும் இப்படிக் கேட்டுப்பாருங்கள். தேவன் வெளிப்படுத்தாத ஒன்றை அறியவோ, அவரிடம் கேட்காமல் ஒரு வல்லமையைப் பெறவோ இது முயல்கிறதா? இறந்தவரையோ ஆவியையோ பதில்சொல்ல அழைக்கிறதா? இதைச் செய்தபின் நான் ஜெபத்தைவிட இதையே நம்பி முடிவெடுப்பேனா? உபாகமம் 29:29 இதற்கு அளவுகோல்: "மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்." வெளிப்படுத்தப்பட்டவையே நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை.

இதே அளவுகோலைச் சபைக்குள்ளும் வைத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல்பட்ட வசனத்தை வேலைக்கோ திருமணத்துக்கோ பதிலாக எடுத்துக்கொள்வது, வசனத்தைக் குறிகேட்கும் பலகையாக்குவது அன்றி வேறல்ல. காணிக்கை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எதிர்காலம் சொல்லும் 'தீர்க்கதரிசி'யைப் பற்றி மீகா 3:11 ஏற்கெனவே பேசிவிட்டது: தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறிசொல்லுகிறார்கள் என்பதே எருசலேமின்மேல் அவர் வைத்த குற்றச்சாட்டு. வெளியே இருக்கும் குறிகாரரைக் கண்டித்துவிட்டு உள்ளே இருப்பவரை விட்டுவிடும் போதகம் யாரையும் காக்காது.

வஞ்சனையின் பங்கையும் மறக்கவேண்டாம். 1848இல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் கிராமத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் கேட்டதாகச் சொன்ன தட்டும் ஒலிகளிலிருந்தே நவீன ஆவியுலக இயக்கம் பரவியது. அவர்களுள் மார்கரெட், கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கியே அந்த ஒலிகளை எழுப்பியதாக 1888இல் மேடையேறி ஒப்புக்கொண்டார்; அடுத்த ஆண்டு அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். மேசை தானாக நகர்வதாக நம்பப்பட்டபோது, சுற்றி அமர்ந்தவர்களின் கைகளே அவர்கள் அறியாமல் அதைத் தள்ளுகின்றன என்று மைக்கேல் ஃபாரடே 1853இல் சோதித்துக் காட்டினார். ஆகவே நடக்கும் எல்லாவற்றையும் பிசாசின் கிரியை என்று அஞ்சவேண்டியதில்லை. எல்லாமே ஏமாற்று என்று அலட்சியமாக இருக்கவும் வேதம் இடம்கொடுக்கவில்லை. இரண்டில் எதுவானாலும் விலகியிருப்பதே கட்டளை.

ஏற்கெனவே போய்வந்தவர் என்ன செய்யலாம்

மறைக்காமல் தேவனிடம் அறிக்கையிடுவதே முதற்படி. நம்பத்தக்க ஒரு மூப்பரிடமோ போதகரிடமோ சொல்வது அடுத்தது. எபேசுவில் மந்திரவித்தைகளைச் செய்தவர்கள் தங்கள் செய்கைகளை வெளிப்படுத்தி, புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்ததை அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அவற்றின் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. அவர்கள் எரித்தது தங்களுடைய புத்தகங்களை. பிறர் வீட்டில் புகுந்து எதையும் எரிக்கவில்லை. அவற்றை விற்றுக் காசாக்கவும் இல்லை. உங்களிடம் தாயத்தோ, தகடோ, பலகையோ, சீட்டுக்கட்டோ இருந்தால் அதை அகற்றுங்கள். தொலைபேசியில் உள்ள செயலிகளையும் குறிசொல்லுகிறவரின் எண்ணையும் நீக்கிவிடுங்கள். அவர் சொன்ன கெடுதலான வாக்கு மனத்தில் தங்கியிருந்தால், எண்ணாகமம் 23:23ஐயும் ரோமர் 8:38, 39ஐயும் சத்தமாக வாசியுங்கள். பரிகாரம் என்று இன்னும் பணம் கேட்டு மிரட்டினால், வீட்டாரிடம் சொல்லி, தேவைப்பட்டால் காவல்துறையிடமும் போங்கள்.

பாவம் மன்னிக்கப்படுமோ என்று அஞ்சுகிறவருக்கு யூதாவின் ராஜாவான மனாசேயைக் காட்டுங்கள். அஞ்சனம் பார்க்கிறவர்களையும் குறிசொல்லுகிறவர்களையும் நியமித்து, தன் பிள்ளைகளையே தீக்கடக்கப்பண்ணினவன் அவன். 2 நாளாகமம் 33இல் அவன் நெருக்கத்தில் தன்னை மிகவும் தாழ்த்தி ஜெபித்தபோது, தேவன் அவன் கெஞ்சுதலைக் கேட்டார்.

துக்கத்தில் இருப்பவரோடு பேசுதல்

மகனை இழந்த ஒரு தாய், "ஐயா, ஒருதடவை அவன் குரலைக் கேட்டால் போதும், அவன் நல்லா இருக்கானான்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்று சொல்லும்போது, உபாகமத்தைத் திறக்கும் நேரம் அதுவல்ல. "அவனைப் பற்றிச் சொல்லுங்கம்மா" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் கல்லறையண்டையில் இயேசு கண்ணீர்விட்டார். பிறகு 2 சாமுவேல் 12:23க்கு வரலாம்: குழந்தையை இழந்த தாவீது, அது தன்னிடத்துக்குத் திரும்பி வராது, தானே அதனிடத்துக்குப் போவேன் என்றான். அந்தப் பிரிவை அவன் ஏற்றுக்கொண்டதிலேயே ஒரு நம்பிக்கை இருக்கிறது. இறந்தவரை இங்கே அழைத்துவருவதற்கு மாறாக, இறந்தவர்களின் தேவனாயிராமல் ஜீவனுள்ளோரின் தேவனாயிருக்கிறவரிடம் அவரை ஒப்படைக்கும்படி அந்தத் தாய்க்கு மெதுவாகத் துணைசெய்யுங்கள்.

பதில் வராத மௌனத்தையும் பேசத் தவறாதீர்கள், ஏனெனில் சவுலை எந்தோருக்கு அனுப்பியது அதுதான். சங்கீதம் 13ஐயும் 88ஐயும் அவரோடு சேர்ந்து வாசியுங்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதலான முடிவில்லாமல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் அதன் ஒவ்வொரு வரியும் தேவனை நோக்கியே பேசப்பட்டது.

இறந்தவரின் குரல் காதில் கேட்பதாகவோ அவர் நடமாடுவதாகவோ உணர்வது, துக்கத்தின் தொடக்க மாதங்களில் பலருக்கு நேரும். அதற்காக ஒருவரைப் பிசாசு பிடித்தவர் என்று முத்திரைகுத்தவேண்டாம். உறக்கம் கெட்டு, உணவு குறைந்து, தன்னை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்; ஜெபத்தை நிறுத்திவிட்டு அல்ல, ஜெபத்தோடு. அடக்கம் முடிந்த வாரத்தில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மூன்றாம் மாதத்திலும், பிறந்தநாளிலும், வருட நினைவு நாளிலும்தான் மறுபடி அந்த வாசலைத் தட்டும் எண்ணம் வரும். அந்தத் தேதிகளை இப்போதே குறித்துவைத்து, அன்று யார் அவரோடு இருப்பது என்று சபையில் முன்னதாகவே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.